'ஃபெயர்' என்னும் சொல்லும் பிரெஞ்சு மொழியும்: நீதி பற்றிய ஒரு மெய்யியல் நோக்கு

ஒரு மொழியிலே மிகச் சாதாரணமாக வழங்குஞ் சொற்களே பிறிதொரு மொழிக்குப் பெயர்க்குமிடத்து மிகுந்த இடர் விளைப்பன. அருஞ்சொற்களும் கலைச்சொற்களும் அத்துணை இடர் தருவதில்லை. அவற்றுக்கு வரைவிலக்கணம் உண்டு. வரைவிலக்கணமுள்ள சொல்லுக்கு ஒத்த சொல்லொன்றை ஆக்கிக்கொள்ளுதல் கூடும். குழந்தை விளையாட்டிலும் வணிகன் சந்தையிலும் நீதிபதி மன்றிலும் ஒருங்கே வழங்குஞ் சொல்லுக்கோ வழக்கையன்றி வேறு வரைவிலக்கணம் இல்லை. ஆங்கிலத்திலே 'ஃபெயர்' என்பது அத்தகைய சொல். அதனைப் பிரெஞ்சிலே பெயர்க்க முனைந்தோர் எதிர்நோக்கிய இடர் அகராதியளவில் நின்றுவிடவில்லை. நீதி என்பது செயன்முறையிலே தங்கியுள்ளதா, அன்றி அச்செயன்முறையின் விளைவிலே தங்கியுள்ளதா என்ற பழைய வினாவொன்றை அது மீண்டும் எழுப்பிற்று. ஐரோப்பிய நீதிமன்றமொன்றின் தீர்ப்புகளும், பிரான்சின் சட்டக்கோவையின் முதல் வாசகமும் அவ்வினாவோடு தொடர்புடையனவாதலின் இச்சொல்லின் வரலாறு சற்று நின்று நோக்கற்பாலது.

பழைய ஆங்கிலத்திலே இப்பெயரடை அழகிய, கண்ணுக்கினிய என்ற பொருளையே முதன்மையாகக் கொண்டிருந்தது. அழகிலிருந்து மாசின்மையும், மாசின்மையிலிருந்து வஞ்சமின்மையும், வஞ்சமின்மையிலிருந்து ஒருபாற் கோடாமையும் என அதன் பொருள் காலப்போக்கில் விரிந்தது. இன்றைய வழக்கில் மழையற்ற நல்ல வானிலையும் 'ஃபெயர்'. பொன்னிற மயிரும் வெளிறிய தோலும் 'ஃபெயர்'. அடித்தல் திருத்தலின்றி எழுதிய படியும் 'ஃபெயர்'. நன்றென்றும் தீதென்றும் சொல்லவியலாத நடுத்தரமும் 'ஃபெயர்'. ஏமாற்றில்லாத விலையும், வஞ்சமற்ற ஆட்டமும், பக்கஞ் சாராத விசாரணையும் 'ஃபெயர்'. ஊர்ச் சந்தையைக் குறிக்கும் 'ஃபெயர்' என்ற பெயர்ச்சொல் ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறு. திருநாளைக் குறித்த இலத்தீன் சொல்லொன்று பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துட் புகுந்து அவ்வடிவம் பெற்றது. பிரெஞ்சில் இன்றும் 'ஃபுவார்' என வழங்குவது அதுவே. மொழிபெயர்ப்பாளனுக்கு இடர் தராத ஒரே 'ஃபெயர்' பிரெஞ்சிலிருந்து கடன்கொண்ட இந்த ஒன்றுதான் என்பது சுவையான செய்தி.

ஏனைய பொருள்களைப் பிரெஞ்சு மொழி பல சொற்களுக்குப் பகிர்ந்தளித்துவிடுகிறது. வானிலைக்கு 'போ', அதாவது அழகிய என்னும் சொல், தோலுக்குக் 'கிளேர்', மயிருக்குப் 'புளோன்', நியாயமான விலைக்கு 'ஜுஸ்த்', முறையான வணிகப் போட்டிக்கு 'லுவயால்', நடுநிலையான விசாரணைக்கு 'எக்கித்தாபிள்'. ஆங்கிலேயன் ஒரே சொல்லால் உரைப்பவற்றைப் பிரெஞ்சுக்காரன் ஆறு சொற்களால் உரைக்கிறான். இதனாற் பிரெஞ்சுக்காரனுக்கு நட்டமென்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலத்திலே அழகும் வெண்ணிறமும் நேர்மையும் ஒரே சொல்லில் உறைவதனால் விளைந்த கேடு சிறிதன்று. சேக்சுபியரின் 'மக்பெத்' நாடகத்தில் சூனியக்காரிகள் தொடக்கத்திலேயே அழகையும் அருவருப்பையும் இடம்மாற்றிப் பேசும் கூற்று இச்சொல்லின் இரட்டைப் பொருளையே பற்றி நிற்கின்றது. அவருடைய பதினான்கடிப் பாக்களிற் சில கருநிறப் பெண்ணொருத்தியை 'ஃபெயர்' எனலாமோ என்ற வினாவைச் சுற்றியே அமைந்தன. கவிஞன் அதனை விளையாட்டாகக் கையாண்டான். ஆனால் வெளிறிய தோலுக்கும் நேரிய நடத்தைக்கும் ஒரே பெயரிட்ட மொழியொன்று உலகின் பெரும்பகுதியை ஆண்டபோது அவ்விளையாட்டு விளையாட்டாக நிற்கவில்லை. எமது நாட்டின் ஆங்கிலப் பத்திரிகைகளில் வெளிவரும் மணமகள் தேவை விளம்பரங்களைப் படிப்போர் இச்சொல் அங்கு எப்பொருளில் வருகிறதென்பதை நன்கறிவர். அங்கு அது நடுநிலையைக் குறிப்பதில்லை. அழகையும் நிறத்தையும் நீதியையும் தனித்தனிச் சொற்களாற் பிரித்துரைக்கும் பிரெஞ்சு இவ்வகையில் தூய்மையானது எனலாம்.

இடர் தோன்றுவது நீதி பற்றிய பொருளிலேதான். ஆங்கிலக் குழந்தை தன் தமையனுக்குப் பெரிய பங்கு கிடைத்ததைக் கண்டதும் 'இது ஃபெயர் அன்று' எனக் கூவும். அதே நிலையிலுள்ள பிரெஞ்சுக் குழந்தை 'இது ஜுஸ்த் அன்று' எனக் கூவும். கண்ணீரும் ஒன்று, காரணமும் ஒன்று. ஆயின் 'ஜுஸ்த்' என்பது தானே பல பொருளொரு சொல். சுருதி பிசகாமற் பாடுவதும் 'ஜுஸ்த்'. கணக்கின் சரியான விடையும் 'ஜுஸ்த்'. உடலை இறுக்கும் சட்டையும் 'ஜுஸ்த்'. அறம் வழுவாத அரசனும் 'ஜுஸ்த்'. ஆங்கிலம் 'ஃபெயர்', 'ஜஸ்ட்' என இரண்டாகப் பிரித்ததைப் பிரெஞ்சு ஒன்றாகவே வைத்திருக்கின்றது. ஆங்கிலத்தில் 'ஜஸ்ட்' என்பது கனமான சொல். போருக்கும் தண்டனைக்கும் அரசியலமைப்புக்கும் உரியது. 'ஃபெயர்' இலேசான சொல். ஒருவரோடொருவர் கொண்டும் கொடுத்தும் ஒழுகும் அன்றாட வாழ்வுக்குரியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மிகப் பெரிய நீதிக் கோட்பாடு கட்டப்பட்டது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1958இல் எழுதிய கட்டுரையொன்றுக்கு 'ஃபெயர்னெஸ் ஆக நீதி' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். 1971இல் வெளிவந்த 'நீதிக் கோட்பாடு' என்ற பெருநூலின் முதல் அதிகாரத்துக்கும் அத்தொடரே தலைப்பாயிற்று. அவர் கருத்தின் சாரம் இது: ஒரு சமுதாயத்தின் அடிப்படைக் கோட்பாடுகள் நீதியானவையா என அறிய, அவற்றை மாந்தர் எந்நிலையில் நின்று தெரிவு செய்வர் என வினவுதல் வேண்டும். தான் செல்வனா வறியவனா, ஆற்றலுடையவனா அற்றவனா, எச்சமயத்தவன் என்பவற்றை ஒருவரும் அறியாதவாறு அறியாமைத் திரையொன்று அவர்கள்மீது விரிக்கப்பட்டுள்ளதாகக் கொள்ளுக. அத்தகைய தொடக்க நிலை எவருக்கும் முற்கூட்டிய வாய்ப்பினை அளிப்பதில்லை. ஆதலின் அது 'ஃபெயர்' ஆன நிலை. அந்நிலையிலே தெரிவு செய்யப்படும் கோட்பாடுகள் நீதியானவை. நீதியும் ஃபெயர்னெஸும் ஒன்றேயெனத் தாம் கூறவில்லை என்பதை றோல்ஸ் தெளிவாகவே எடுத்துரைத்தார். கவிதையை உருவகமாக நோக்குக என ஒருவர் சொன்னால் கவிதையும் உருவகமும் ஒன்றென்பது கருத்தாகாதவாறு போல என்பது அவர் தந்த விளக்கம்.

இக்கோட்பாட்டில் 'ஃபெயர்' என்னும் சொல் ஏற்கும் பணி நுண்ணியது. அது விளைவைப் பற்றியதன்று, விளைவுக்கு முற்பட்ட நிலையைப் பற்றியது. றோல்ஸ் காட்டும் எடுத்துக்காட்டுகள் இதனை விளக்குவன. இனிப்பு அப்பமொன்றைப் பலருக்குப் பங்கிடுகையில் வெட்டுபவன் தன் பங்கை இறுதியிலேயே எடுத்தல் வேண்டுமென விதித்தால் பங்குகள் சமமாகவே அமையும். இங்கே சரியான விளைவு எதுவென முன்னரே தெரியும். அதனைத் தவறாது தரும் வழியும் உண்டு. குற்ற விசாரணையில் சரியான விளைவு எதுவெனத் தெரியும், குற்றவாளியே தண்டிக்கப்படல் வேண்டும்; ஆனால் அதனைத் தவறாது தரும் வழி இல்லை. சூதாட்டத்திலோ சரியான விளைவு என ஒன்று முன்கூட்டியே இல்லை. ஆட்டம் வஞ்சமின்றி நடந்ததாயின் எவர் எவ்வளவு வென்றாலும் அதுவே ஏற்கத்தக்க விளைவு. செயன்முறையின் நேர்மை விளைவுக்குள் இறங்கிவிடுகின்றது. சமுதாயத்தின் அடிப்படை அமைப்பை இம்மூன்றாவது வகையாகக் கருதலாம் என்பதே றோல்ஸின் துணிபு. ஆங்கில வாசகனுக்கு இத்துணிபு அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. பள்ளிக்கூட விளையாட்டுத் திடலிலே அவன் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த சொல்லே அதனைத் தாங்கி நிற்கின்றது.

இந்நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1987இலேயே வெளிவந்தது. கத்தரீன் ஓதார் அதனைச் செய்தவர். அவர் முன் நின்ற தெரிவுகள் சிலவே. 'ஜுஸ்த்' என்ற சொல்லை எடுத்தால் தொடர் 'நீதியாக நீதி' எனக் கூறியது கூறலாகி முடியும். 'லுவயோத்தே' என்பது சொன்ன சொல் தவறாமை, பற்றுறுதி என்பவற்றின் சாயலுடையது. ஆளுக்கு ஆள் உள்ள உறவைக் குறிக்குமேயன்றி, ஒரு நிலைமையைக் குறிக்காது. நடுநிலை எனப் பொருள்படும் 'ஆம்பார்சியாலித்தே' நெருங்கி வருவது போலத் தோன்றும்; ஆனால் நடுநிலையான பார்வையாளன் என்ற கருத்தைப் பயன்பாட்டுவாதத்தோடு தொடர்புபடுத்தித் தம் கோட்பாட்டினின்றும் றோல்ஸ் விலக்கி வைத்திருக்கிறார். அவர் விலக்கிய சொல்லையே அவர் கோட்பாட்டுக்குப் பெயராக இடுதல் பொருந்தாது. ஆங்கிலச் சொல்லை அப்படியே கடன்கொள்ளும் வழியும் அடைபட்டிருந்தது. 'ஃபெயர்-பிளே' என்பது பிரெஞ்சிலே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வழங்கி வருவது உண்மையே. ஆங்கிலப் பள்ளிகளின் விளையாட்டு மரபை வியந்து போற்றிய பியர் து குபெர்தான் போன்றோரின் காலத்தில் அது செல்வாக்குப் பெற்றது. ஆயினும் கடன்கொண்ட சொல் கடன்கொடுத்த இடத்துப் பொருளை முழுவதுஞ் சுமந்து வருவதில்லை. ஒருவர் 'ஃபெயர்-பிளே' ஆனவர் எனப் பிரெஞ்சுக்காரர் கூறினால், தோல்வியை முகங்கோணாது ஏற்கும் பண்பாளர் என்பதே பெரும்பாலும் கருத்து. 1964இல் றோல்ஸ் சட்டத்துக்குக் கீழ்ப்படியும் கடமையை இத்தொடர்கொண்டே விளக்கினார். பிறர் கட்டுப்பாட்டினால் விளைந்த நன்மையை நுகர்ந்தவன் தானும் அக்கட்டுப்பாட்டை ஏற்கக் கடமைப்பட்டவன் என்பது அவர் வாதம். பிரெஞ்சுச் சொல்லாக மாறிய 'ஃபெயர்-பிளே' இவ்வாதத்தின் பாரத்தைத் தாங்கமாட்டாது.

எஞ்சியது 'எக்கித்தே'. ஓதார் அதனையே தெரிந்தார். நூலின் மையத் தொடர் பிரெஞ்சிலே 'எக்கித்தேயாக நீதி' ஆயிற்று. பிற்காலத்தே றோல்ஸ் தம் கோட்பாட்டை மீள எடுத்துரைத்து 2001இல் வெளியிட்ட நூலும் 2003இல் பிரெஞ்சாக்கப்பட்டபோது இச்சொல்லையே தலைப்பிற் கொண்டது. தெரிவு நிலைத்துவிட்டது. எனினும் அது எவ்வளவு துணிவான தெரிவு என்பது எளிதிற் கண்ணுக்குப் படுவதன்று.

'எக்கித்தே' என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேறொரு வரலாறு உண்டு. அரிஸ்ரோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் புத்தகத்திலே, சட்டம் பொதுவாகப் பேசுவதனாற் சில வேளைகளில் தவறுகிறது என்றும், அத்தவற்றைத் தனித்தனி நிலைமைக்கேற்பத் திருத்துவது சட்டநீதியினும் மேலான ஒருவகை நீதி என்றும் கூறினார். லெஸ்பொஸ் தீவின் கட்டடக் கலைஞர் வளையாத கல்லை அளக்க வளையும் ஈயக்கோலைக் கையாண்டமை அவர் எடுத்த உவமை. கல்லைக் கோலுக்கேற்ப மாற்றாது, கோலைக் கல்லுக்கேற்ப வளைக்கும் நீதி அது. இக்கிரேக்கக் கருத்து இலத்தீனிலே 'ஈக்குவித்தாஸ்' என்ற சொல்லோடு இணைந்து, அதன்வழி பிரெஞ்சின் 'எக்கித்தே' ஆயிற்று. பிரெஞ்சுச் சட்ட மரபிலே நீதிபதி எக்கித்தேயின்படி தீர்ப்பளித்தல் என்றால் சட்டவிதியின் கடுமையைத் தணித்து நிலைமைக்கேற்பத் தீர்ப்பளித்தல் என்பதே பொருள். அதில் ஓர் அச்சமும் கலந்திருந்தது. பழைய முடியாட்சிக் காலத்து உயர்நீதிமன்றங்களின் எக்கித்தேயிலிருந்து கடவுள் தம்மைக் காப்பாராக என்று மக்கள் பழமொழியாகவே கூறினர். நீதிபதியின் மனம் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமிடத்துக் குடிமகனுக்குப் பாதுகாப்பில்லை என்பதே அதன் உட்கிடை. கால்வாய்க்கு அப்பாலும் இதே அச்சம் இருந்தது. சான்சலர் மன்றத்தின் 'எக்குவிற்றி' சான்சலரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாயின், அளவுகோலின் அடியைச் சான்சலரின் பாத நீளத்தாற் குறிப்பது போலாகும் என்று பதினேழாம் நூற்றாண்டின் சட்டவறிஞர் ஜோன் செல்டன் நகையாடினார்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் முரண்பாடு விளங்கும். அரிஸ்ரோட்டில் வழிவந்த 'எக்கித்தே' சட்டத்துக்குப் பின்னால் வருவது. விதி தவறிய இடத்தில் அதனைத் திருத்துவது. தனி ஆளை நோக்குவது. றோல்ஸின் 'ஃபெயர்னெஸ்' விதிகளுக்கு முன்னால் வருவது. விதிகள் பிறக்கும் நிலையை ஒழுங்குபடுத்துவது. தனி ஆளைப் பற்றிய செய்தி அனைத்தையும் வேண்டுமென்றே திரையிட்டு மறைப்பது. முன்னது கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. பின்னது கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஒரே சொல் இவ்விரண்டையும் எவ்வாறு தாங்கும்?

மொழிபெயர்ப்பாளரின் சார்பிலே சொல்லக்கூடிய விடையொன்று உண்டு. அது வலிமையான விடையே. 'ஈக்குவித்தாஸ்' என்பதன் வேரான 'ஈக்குவுஸ்' மேடுபள்ளமற்ற, சமதரையான என்று பொருள்படுவது. கருணையும் தளர்வும் பின்னர் வந்து ஒட்டியவை, சமநிலையே ஆதிப்பொருள். ஆட்டக்காரர் இருவரும் ஒரே மட்டத்தில் நிற்கும் திடல் என்னும் படிமம், றோல்ஸின் தொடக்க நிலைக்கு ஆங்கிலச் சொல்லைவிட இலத்தீன் வேருக்கே நெருங்கியது. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது அழகு. இலத்தீன் வேரில் இருப்பது மட்டம். ஆகவே ஓதார் செய்தது பொருளுக்குப் புறம்பான சொல்லை வலிந்து பொருத்தியதன்று. சொல்லுள் உறங்கிக் கிடந்த பழைய பொருளைத் தட்டி எழுப்பியதெனக் கொள்ளலாம். எனினும் வாசகன் வேர்ச்சொல் ஆராய்ந்து படிப்பவனல்லன் என்பதையும் மறத்தல் ஆகாது. வழக்கே அவன் காதில் ஒலிக்கிறது.

இங்கே வேறொரு பொது வினா எழுகின்றது. ஒரு மக்களின் மொழியிலே ஒரு சொல் இல்லையெனின் அச்சொல் குறிக்கும் பண்பும் அவர்களிடத்தே இல்லையென்று கொள்ளலாமா? மொழியியலாளர் அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா ஆங்கிலத்தின் பொருளும் பண்பாடும் பற்றி 2006இல் வெளியிட்ட நூலில், 'ஃபெயர்' என்பது ஆங்கிலம் பேசுவோரின் பண்பாட்டுக்கே சிறப்பாக உரிய விழுமியம் என்றும், அதனை உலகப் பொதுவெனக் கொள்ளுதல் தவறென்றும் வாதித்தார். மேலாதிக்கம் பெற்ற மொழியொன்று தன் ஊர்வழக்கை மனித இயல்பெனப் பறைசாற்றுவதை எதிர்த்த அளவில் அவர் எச்சரிக்கை பயனுள்ளது. அதற்கப்பால் அவ்வாதத்தை முழுமையாக ஏற்றல் அரிது. சொல் இல்லாமை வேறு, கருத்து இல்லாமை வேறு. பிரெஞ்சுக் குழந்தையின் அழுகையே இதற்குப் போதிய சான்று. ஒருவர் பணத்தைப் பங்கிட, மற்றவர் அப்பங்கீட்டை ஏற்கவோ மறுத்து இருவருக்கும் இல்லாமற் செய்யவோ வல்லராக அமைந்த விளையாட்டொன்றைக் கொண்டு 1982 முதல் பொருளியலாளர் பல நாடுகளிலே பரிசோதனை நடாத்தி வந்துள்ளனர். 2001இல் வெளிவந்த ஆய்வொன்று வேட்டுவரும் மேய்ப்பரும் சிறு பயிர்ச்செய்கையாளரும் வாழும் 15 சிறு சமுதாயங்களில் இதனை நடாத்திற்று. தன்னலம் ஒன்றையே கருதி ஒழுகிய சமுதாயம் அவற்றுள் ஒன்றேனும் காணப்படவில்லை. ஆனால் எவ்வளவு கொடுத்தால் தகும் என்பதில் அவை பெரிதும் வேறுபட்டன. உணர்வு பொதுவானது, அளவு வேறானது என்றே இதனைப் பொருள்கொள்ள வேண்டும். மொழிகள் செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஒரே உணர்வை அவை வெவ்வேறிடங்களில் வெட்டிப் பெயரிடுகின்றன.

வெட்டும் இடம் எங்கே என்பது சில வேளைகளில் மன்றிலே வழக்காகவும் வந்துவிடும். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 10ஆம் உறுப்புரை, ஒவ்வொருவரும் 'ஃபெயர்' ஆன பகிரங்க விசாரணைக்கு உரித்துடையவர் என ஆங்கிலத்திலே கூறும். பிரெஞ்சுப் பாடத்தில் அவ்விடத்தே நிற்பது 'எக்கித்தாபிளமான்', அதாவது எக்கித்தேயோடு கேட்கப்படல். 1950 நவம்பர் 4இல் உரோமாபுரியிற் கைச்சாத்தான ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 6ஆம் உறுப்புரையும் இவ்வாறே. இச்சமவாயத்தில் ஆங்கிலப் பாடம் மூலம், பிரெஞ்சுப் பாடம் பெயர்ப்பு என்பதில்லை. இரண்டும் சமமான அதிகாரமுடையவை. இருமொழிப் பாடங்கள் வேறுபடுமிடத்து, உடன்படிக்கையின் நோக்கத்தைக் கருத்திற்கொண்டு இரண்டையும் மிக நன்றாக இணக்கும் பொருளைக் கொள்க என்று உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா சமவாயம் விதிக்கின்றது. மொழிபெயர்ப்பாளனுக்குச் சட்டம் இட்ட கட்டளையாகவே இதனைக் கொள்ளலாம்.

ஸ்திராஸ்பூர் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இச்சொல்லுக்குப் பொருள் கண்ட விதம் கவனிக்கத்தக்கது. பெல்சியத்தின் உச்ச மேன்முறையீட்டு மன்றிலே, வழக்கைப் பற்றித் தம் கருத்துரையை முன்வைக்கும் சட்ட அலுவலர், பின்னர் நீதிபதிகளின் மறைவான ஆலோசனையிலும் உடனிருப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1970இல் இது பற்றி எழுந்த வழக்கிலே, நீதி செய்யப்படுவது மட்டுமன்றி செய்யப்படுவதாகத் தோன்றவும் வேண்டும் என்ற ஆங்கில நீதிமன்ற மரபுக் கூற்றை நீதிமன்றம் சுட்டியபோதிலும், தோற்றத்துக்கு அப்பாலுள்ள உண்மை நிலையை நோக்கின் மீறல் எதுவுமில்லை எனத் தீர்த்தது. 1991இல் அதே வழக்கம் பற்றிய மற்றொரு வழக்கில் தீர்ப்பு மாறிற்று. தரப்பினர் இருவரும் சமமான படைக்கலன்களோடு நிற்றல் வேண்டும், அவ்வாறு நிற்பதாகத் தோன்றவும் வேண்டும் என்ற கருத்து மேலோங்கியது.

2001 யூன் 7இல் பிரான்சின் முறை வந்தது. அந்நாட்டின் அதியுயர் நிருவாக மன்றமான அரச அவையிலே 'அரசாங்க ஆணையாளர்' எனப்பட்ட அலுவலர் ஒருவர் இருந்தார். பெயர் அவ்வாறிருப்பினும் அவர் அரசாங்கத்தின் சார்பாளர் அல்லர். சட்டம் பற்றிய தம் சொந்தக் கருத்தைச் சுதந்திரமாகப் பகிரங்கத்தில் எடுத்துரைப்பவர். பிரெஞ்சுச் சட்டவறிஞர் இப்பதவியைத் தம் நிருவாகச் சட்டத்தின் பெருமைகளுள் ஒன்றாகவே போற்றினர். ஆனால் கருத்துரைத்த பின் அவர் நீதிபதிகளின் ஆலோசனையறைக்கும் சென்று, வாக்களியாது அமர்ந்திருப்பார். தமக்கு மாறாகப் பேசியவர் கதவடைத்த அறைக்குள்ளே நீதிபதிகளோடு செல்வதைக் காணும் வழக்காளியின் மனத்தில் ஐயம் எழாதா? எழும், அவ்வையம் நியாயமானதே என ஐரோப்பிய நீதிமன்றம் பெரும்பான்மையாற் கண்டு, உறுப்புரை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. பிரெஞ்சுச் சட்டவறிஞர் பலர் சினந்தனர். ஆணையாளரால் எந்த வழக்காளிக்கும் அநீதி விளைந்ததாக எவரும் காட்டவில்லையே என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வி எழுந்த இடத்தை நோக்குக. விளைவை நோக்கும் பழைய எக்கித்தேயின் கண்கொண்டு பார்த்தால் குறையேதும் இல்லை. ஆட்டத்தின் ஒழுங்கை நோக்கும் 'ஃபெயர்' என்பதன் கண்கொண்டு பார்த்தாற் குறை உண்டு. இரண்டும் நேர்மையான பார்வைகளே. ஆனால் தோற்றவன் தன் தோல்வியை ஏற்றுக்கொள்வதற்குத் தீர்ப்பின் சரிமை ஒன்றே போதாது, அது வந்த வழியையும் அவன் காணல் வேண்டும் என்பதைப் பின்னைய பார்வையே கணக்கிலெடுக்கின்றது. அவ்வளவில் அதுவே மேலானது. 2006ஆம் ஆண்டு ஆணையொன்று அவ்வலுவலரின் உடனிருப்பைக் கட்டுப்படுத்திற்று. 2009இல் பதவியின் பெயரும் மாற்றப்பட்டது.

இதற்கிடையே பிரெஞ்சுச் சொல்லும் மாறிவிட்டிருந்தது. 2000 யூன் 15ஆம் நாட் சட்டம் பிரான்சின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைக்கு ஒரு முன்னுறுப்புரையைச் சேர்த்தது. குற்றவியல் நடவடிக்கைமுறை 'எக்கித்தாபிள்' ஆக இருத்தல் வேண்டும், தரப்பினர் வாதம் எதிர்வாதம் செய்ய இடமளித்தல் வேண்டும், அவர்களின் உரிமைகளிடையே சமநிலை பேணுதல் வேண்டும் என்பது அதன் தொடக்கம். இங்கு நீதிபதி சட்டத்தை வளைக்கும் கருணை எதுவும் கருதப்படவில்லை. சட்டத்தைத் தணிக்கும் சொல்லாக இருந்தது சட்டத்தின் வாயிலிலேயே நிற்கும் சொல்லாயிற்று. வணிகத்திலும் அவ்வாறே; வறிய நாட்டுக் கோப்பி, தேயிலைச் செய்கையாளருக்குத் தகுந்த விலை வழங்கும் வணிகமுறையைப் பிரெஞ்சிலே இன்று எவரும் 'எக்கித்தாபிள்' வணிகம் என்றே சுட்டுவர். மொழிபெயர்ப்பாளர் கடன்கொடுத்த பொருளை மக்கள் தம் சொந்தப் பொருளாக்கிக்கொண்டனர்.

தமிழிலே சிந்திப்போர்க்கும் இவ்வினா புறம்பானதன்று. 1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் உறுதியளிக்கும் விசாரணை, அதன் ஆங்கிலப் பாடத்தின்படி, 'ஃபெயர்' ஆன விசாரணையே. நீதி, நியாயம், நேர்மை, நடுவுநிலைமை என்னும் நான்கும் தமிழில் அருகருகே நிற்கின்றன. அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலிலே வடமொழியின் நீதி, நியாயம் என்ற இரண்டையும் பிரித்து, முன்னது நிறுவனங்களின் ஒழுங்கையும் பின்னது மக்கள் உண்மையில் வாழும் வாழ்வையும் குறிப்பனவாகக் கொண்டு, றோல்ஸ் முன்னதிலேயே தங்கிவிட்டார் எனக் குறை கூறினார். தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு அவ்வளவு கூர்மையாக இல்லை. கடைக்காரனின் விலையைக் கேட்டு 'இது நியாயமா?' என்போமேயன்றி 'இது நீதியா?' என்பதில்லை. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குப் பெயராகவே வைத்த 'நடுவுநிலைமை' துலாக்கோலின் படிமத்தைக் கொண்டதாதலின் 'ஈக்குவுஸ்' என்ற வேருக்கு மிக அணித்தானது. எனினும் அது நடுவன் ஒருவனின் குணத்தைக் குறிக்கிறது. நடுவனே இல்லாத, ஒப்பந்தக்காரர் மட்டுமே உள்ள நிலையொன்றை அது குறிக்குமா என்பது ஐயம். மொழிபெயர்ப்பாளர் எவரும் இவ்வையத்தைத் தீர்க்காது முன்செல்ல இயலாது.

போல் றிக்கர் 1990களிலே றோல்ஸைப் பன்முறை எடுத்து ஆராய்ந்து, முற்றிலும் செயன்முறை வழிப்பட்ட நீதிக் கோட்பாடு கூடுமா என வினவினார். எது நீதி, எது அநீதி என்பது பற்றி முன்னரே ஓர் உணர்வு இல்லாதோர்க்கு அறியாமைத் திரையின் பின்னால் நிற்பதில் என்ன பயன் என்பது அவர் கேள்வியின் உட்பொருள். நீதியின் உலகினுள்ளே மனிதனின் முதற் பிரவேசம் 'இது அநீதி' என்ற குழந்தைக் கூக்குரலே எனவும் அவர் கருதினார். ஆங்கிலத்திலே சிந்தித்த றோல்ஸுக்கு இக்கேள்வி அவ்வளவு கூர்மையாகத் தோன்றாமைக்குக் காரணம், அக்கூக்குரல் 'ஃபெயர்' என்னும் சொல்லினுள்ளேயே அடங்கியிருந்தமையாகலாம். 'எக்கித்தே' என்னும் சொல்லிலோ குழந்தையின் குரல் இல்லை. அது சட்டவறிஞரின் சொல். சொல்லோடு உடன்வராது விடுபட்டதை றிக்கர் வாதத்தினால் மீட்டார் எனலாம். அவர் அக்கட்டுரைகளைத் தொகுத்து 1995இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயர் 'ல ஜுஸ்த்'. அதனை ஆங்கிலமாக்கியோர் 'த ஜஸ்ட்' என்றனர், 'ஃபெயர்' எனவில்லை. பிரெஞ்சு வாசகன் 'எக்கித்தேயாக நீதி' என்று படிப்பதை ஒருவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்துக்கு மீட்டால் அது 'எக்குவிற்றியாக நீதி' ஆகும். ஆங்கிலச் சட்டத்தரணிக்கு அப்போது நினைவுக்கு வருவது றோல்ஸ் அல்லர், செல்டன் நகைத்த சான்சலரின் பாதமே.